கரண்ட் போனால் முகவரியும் போகும்

வைகாசி பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்காய் மண்டிகளில் ராத்திரி பகல் கிடையாது. சந்தூர்த் தோப்புகளிலிருந்து பெங்களூரா ரக மாங்காய் வண்டி வண்டியாக வந்து இறங்கும். கூழ் ஆலைக்குப் போகும் லாரி எடை மேடை பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்கும். பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில்தான் கோடை மழை காற்றோடு வரும், கரண்டும் போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு மண்டியில் இரண்டு கணினிகள். உள் அறையில் இருக்கும் பழையது கணக்கை வைத்திருக்கிறது. அதில் ஓடும் இயங்குதளம் உபுண்டு லினக்ஸ். எடை மேடை அருகே இருப்பது பில் போடும். கணக்குக் கணினி 192.168.1.50 என்ற முகவரியில் இருக்கும் என்று நம்பி, பில் கணினி அங்கே போய்க் கதவைத் தட்டும். ஒரு நாள் இடியில் ரவுட்டர் புகைந்துபோனது. புதிது மாட்டியதும் அது கணக்குக் கணினிக்கு 192.168.1.7 என்ற முகவரியைக் கொடுத்துவிட்டது. பில் கணினி தட்டிய கதவில் ஆளே இல்லை.

நான் போய், கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் திரையைத் திறந்து, 'ஐபி அட்ரஸ் ஆட்' என்று தொடங்கும் ஒரே வரியை அடித்து 50-ஐயும் சேர்த்தேன். பில் ஓடியது. டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் போன்.

"தம்பி, ராத்திரி கரண்ட் போய் வந்துச்சு. மறுபடியும் அதே கதைதான்."

தப்பு முழுக்க என்னுடையது. அந்த ஒரு வரி எங்கே போய் உட்கார்ந்தது என்பதை யோசிக்காமல் கிளம்பி வந்திருந்தேன்.

அந்தக் கட்டளை எந்தக் கோப்பையும் தொடுவதில்லை. லினக்ஸின் மையமான கெர்னலிடம் நெட்லிங்க் என்ற வழியாக நேரே பேசுகிறது: "இந்த நெட்வொர்க் அட்டைக்கு இந்த முகவரியையும் வைத்துக்கொள்." கெர்னலும் சரி என்று தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பட்டியல் இருப்பது ராம் என்ற தற்காலிக நினைவகத்தில். எந்த அட்டைக்கு என்ன முகவரி, வெளியே போக எந்த வழி என்பதெல்லாம் அங்கேதான். மின்சாரம் நின்றால் ராம் வெறுமை. மண்டி வாசலில் அன்றைய விலையைச் சுண்ணாம்புக் கட்டியில் எழுதும் கரும்பலகை மாதிரி. உள்ளே கல்லாவில் இருக்கும் பேரேடு வேறு. நான் பலகையில் எழுதிவிட்டு, பேரேட்டில் ஏற்றியதாக நினைத்துக்கொண்டேன்.

"சரி, கெர்னலே அதை வட்டில் சேமித்து வைத்துக்கொண்டால் என்ன?" என்று மண்டிக்காரரின் மகன் கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் லினக்ஸ் அப்படி அமைக்கப்படவில்லை. கொடுத்த முகவரியை நடைமுறைப்படுத்துவது மட்டும் கெர்னலின் வேலை. எந்த முகவரி என்று முடிவு செய்வது வெளியே இருக்கும் நிரல்களின் வேலை. அதனால், கணினி எழும்போது நேற்று என்ன இருந்தது என்பது கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. அட்டையைக் கண்டுபிடிக்கும், பெயர் வைக்கும், அதோடு சரி. அப்புறம் முதல் நிரலாக சிஸ்டம்டி எழுந்து ஒவ்வொரு சேவையாகத் தட்டி எழுப்பும். நெட்வொர்க்கைக் கவனிக்கும் சேவை வட்டிலிருக்கும் ஒரு கோப்பைப் படித்து, நான் கையால் சொன்ன அதே விஷயத்தை, அதே நெட்லிங்க் வழியாக, கெர்னலிடம் சொல்லும். நிலையான அமைப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். கணினி எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை. தினமும் பேரேட்டைப் பார்த்துப் பலகையில் புதிதாக எழுதிக்கொள்கிறது.

இதில் ஒரு லாபமும் உண்டு. ஒருமுறை தர்மபுரியில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேறோர் ஊரிலிருந்த சர்வரின் முகவரியை மாற்றப்போய், என் இணைப்பை நானே அறுத்துக்கொண்டேன். உட்கார்ந்த கிளையை வெட்டிய கதை. அங்கிருந்தவரிடம் போன் பண்ணி, ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னேன். பழைய முகவரியோடு எழுந்து வந்தது. நான் செய்த அபத்தம் பலகையில் மட்டும் இருந்ததால் பிழைத்தேன்.

எந்தப் பேரேடு என்பது வீட்டுக்கு வீடு வேறு. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 'இன்டர்ஃபேசஸ்' என்ற கோப்பு. அதில் அட்டைக்கான முகவரியைச் சரியாக எழுதிவிட்டு, மேலே 'ஆட்டோ' என்று தொடங்கும் வரியை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. முகவரி என்ன என்று சொல்வது ஒரு வரி, கணினி எழும்போதே அதைச் செய் என்று சொல்வது இன்னொரு வரி. இரண்டாவது இல்லையென்றால், நாமே கையால் கூப்பிடும்வரை அட்டை தூங்கும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் குடும்பம்தான். லினக்ஸ் அல்லாத வேறோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே கோப்பு. அதன் உறவான ஓபன்பிஎஸ்டியில் அட்டைக்கு ஒரு கோப்பு. மேஜைக்கணினி லினக்ஸ்களில் பெரும்பாலும் நெட்வொர்க்மேனேஜர். மூலையிலிருக்கும் சின்னப் படத்தைச் சொடுக்கி மாற்றினால் அதுவே கோப்பில் எழுதிக்கொள்ளும்.

மண்டியில் இருந்தது நெட்பிளான். 2017-ல் வந்த உபுண்டு 17.10 முதல் இதுதான் வழக்கம். கோப்பு யாமல் என்ற வடிவத்தில் இருக்கும். அதில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கே பொருள் உண்டு. ஒரு வரி இன்னொன்றுக்கு உட்பட்டது என்பதை இடைவெளி விட்டு உள்ளே தள்ளி எழுதித்தான் காட்ட வேண்டும். அந்த இடத்தில் டேப் விசையைத் தட்டினால் ஏற்றுக்கொள்ளாது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மங்கலான திரையில், லாரி ஹாரனுக்கு நடுவில் இடைவெளி எண்ணுகிறவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். ஆனால் 'நெட்பிளான் ட்ரை' என்ற கட்டளைக்காக மன்னித்துவிடலாம். புதிய அமைப்பைப் போட்டுப் பார்த்து 120 விநாடி காத்திருக்கும். அதற்குள் நாம் என்டர் தட்டாவிட்டால் பழையபடி திருப்பிவிடும். கிளையை வெட்டினாலும் கீழே ஒரு வலை.

இரண்டாம் முறை போனபோது முகவரியைக் கோப்பில் எழுதினேன். நிலையான முகவரி என்று ஆனதும், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் எது என்று ரவுட்டர் சொல்வதும் நின்றுபோனது. வங்கித் தளம் திறக்கவில்லை. அவசரத்தில் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திறந்து அந்த எண்ணைச் சேர்த்தேன். கோப்பின் தலையிலேயே 'திருத்தாதே' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் திருத்தினேன். கோப்பில்தானே எழுதுகிறோம், இந்தமுறை எங்கே போகும் என்ற தைரியம்.

அடுத்த கரண்ட் வெட்டில் அதுவும் போனது.

பிறகு பார்த்தால், அது கோப்பே இல்லை. அமைப்புக் கோப்புகள் இருக்கும் 'இடிசி' கோப்புறையில், வேறோர் இடத்தைக் கைகாட்டும் பெயர்ப்பலகை மாதிரி ஒரு சுட்டி மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அது காட்டும் உண்மையான கோப்பு இருப்பது 'ரன்' என்ற கோப்புறையில். அந்த 'ரன்' வட்டில் இல்லை. ராமில் கட்டிய தற்காலிகக் கொட்டகை. ஒவ்வொரு முறையும் சிஸ்டம்டி ரிசால்வ்டி என்ற சேவை அங்கே அந்தக் கோப்பைப் புதிதாக எழுதி வைக்கிறது. பேரேடு போலவே மேலட்டை போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது பலகைதான். 'ப்ராக்' கோப்புறையில் தெரிகிறவையும் இப்படித்தான், கெர்னலின் உள் நிலையைக் கோப்பு வேடத்தில் காட்டுகின்றன. டிஎன்எஸ் எண்ணை எழுத வேண்டிய இடம் நெட்பிளான் கோப்பு.

கோப்பில் சரியாக எழுதியும் ஏமாற இன்னொரு வழி உண்டு: அட்டையின் பெயர். முன்பு முதல் அட்டை 'இடிஎச் 0', அடுத்தது 'இடிஎச் 1'. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு முதல் எண் என்பதால், இரண்டு அட்டை இருந்தால் ஒரு காலை பெயர்கள் இடம் மாறிவிடலாம். 2013 முதல் சிஸ்டம்டி, அட்டை செருகிய இடத்தைப் பார்த்து 'இஎன்பி3எஸ்0' போலப் பெயர் வைக்கிறது. அட்டைகளைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ தடங்களில் மூன்றாம் தடம், அதில் பூஜ்ஜியமாவது இடம் என்று பொருள். வேறொரு அட்டையைச் செருகித் தட எண் நகர்ந்தால் இந்தப் பெயரும் மாறலாம்; கோப்பு பழைய பெயருக்காகக் காத்திருக்கும். அட்டையோடு பிறந்த மேக் முகவரியை வைத்து அடையாளம் காணச் சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மண்டிக்காரரிடம் இதையெல்லாம் சொன்னால், "ரவுட்டரையே 50 கொடுக்கச் சொல்ல முடியாதா தம்பி?" என்றார். முடியும். ரவுட்டர் பக்கத்தில் மேக் முகவரியைக் குறித்து, இதற்கு எப்போதும் 50 என்று ஒதுக்கிவிடலாம். இரண்டே கணினி இருக்கும் கடைக்கு உண்மையில் அதுதான் சுலபம். ஆனால் ரவுட்டர் மறுபடி புகைந்தால் அதுவும் சேர்ந்து போகும். அதைச் சொன்னதும், "அப்ப கணினியிலயே இருக்கட்டும்" என்றுவிட்டார்.

மூன்றாம் முறை கிளம்புவதற்கு முன் கணினியை நானே அணைத்தேன். "ஐயையோ, ஓடிட்டிருக்கறதை ஏன் அணைக்கிறீங்க" என்று எடை போடுகிற பையன் பதறினான். ரவுட்டரையும் பிடுங்கி மாட்டினேன். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையானதும், ஒரு கூடையை மேடையில் வைக்கச் சொன்னேன். பில் கணினி கொஞ்சம் யோசித்தது. அப்புறம் சீட்டு கிர்ரென்று வெளியே வந்தது: பெங்களூரா, 23 கிலோ.