மேஜர்: பெண்கள் கோல்ஃபில் அதன் பொருள், பிறப்பு, தமிழ்ப் பெயர்

'மேஜர்' சென்னையில் பழகிப்போன சொல். உயர் நீதிமன்றச் செய்தியில் 'அந்தப் பெண் மேஜர்' என்று வந்தால் 18 வயது நிரம்பியவர். மருத்துவமனையில் 'மேஜர் ஆபரேஷன்' என்றால் சொந்தபந்தம் எல்லாம் லீவு போட்டுவிட்டு வந்து நிற்க வேண்டிய சமாச்சாரம். கல்லூரியில் அது முதன்மைப் பாடம். ராணுவத்தில் கேப்டனுக்கு அடுத்த படி. விளையாட்டுப் பக்கத்தில் 'மூன்று மேஜர் வென்றவர்' என்று படிக்கும்போது மட்டும் இவற்றில் எதுவும் கைகொடுப்பதில்லை.

கோல்ஃபில் மேஜர் என்பது, ஆண்டு முழுக்க நடக்கும் தொடர்களில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து எண்ணப்படும் சில தொடர்களின் பொதுப்பெயர். பெண்கள் கோல்ஃபில் இன்று அவை ஐந்து. ஷெவ்ரான் சாம்பியன்ஷிப், யு.எஸ். விமன்ஸ் ஓபன், விமன்ஸ் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் ஆகிய மூன்றும் அமெரிக்காவில் நடப்பவை. எவியான் சாம்பியன்ஷிப் பிரான்ஸில். விமன்ஸ் ஓபன் பிரிட்டனில். நான்கு நாள், நாளுக்கு 18 குழி, மொத்தம் 72 குழி. குறைந்த அடியில் முடித்தவர் வென்றவர். எது மேஜர் என்று முத்திரை குத்துவது அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கமான எல்.பி.ஜி.ஏ. (சமையல் எரிவாயு நினைவுக்கு வந்தால் உங்கள் குற்றமில்லை.) 1950-ல் 13 வீராங்கனைகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது.

சொல்லின் வேர் லத்தீன். 'மாக்னுஸ்' என்றால் பெரிய. அதன் ஒப்பீட்டு வடிவம் 'மாயோர்', அதாவது 'அதைவிடப் பெரிய'. ரிப்பன் மாளிகையில் உட்காரும் மேயருக்கும் இதே வேர்தான். எதிர்ச்சொல்லான 'மைனர்' தமிழுக்கு வந்து ஜமீன் வாரிசு, வெள்ளை வேட்டி, தங்கச் சங்கிலி என்று வேறு பாதையில் போய்விட்டது. மேஜர் என்பது ஒப்பீட்டுச் சொல் என்பதை மறக்கக் கூடாது. பெரியது என்றால் எதைவிடப் பெரியது, யார் அளந்தது, எந்த ஆண்டில் அளந்தது என்ற கேள்விகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. பெண்கள் கோல்ஃபில் அந்தக் கேள்விகளுக்கான விடை பல தடவை மாறியிருக்கிறது.

கூடவே திரியும் 'கிராண்ட்ஸ்லாம்' சீட்டுக்கட்டிலிருந்து வந்தது. பிரிட்ஜ் ஆட்டத்தில் 13 பிடியையும் ஒரே பக்கம் அள்ளினால் அது கிராண்ட்ஸ்லாம். 1930-ல் ஆண்கள் கோல்ஃபில் பாபி ஜோன்ஸ் அமெரிக்க, பிரிட்டிஷ் ஓபன் பட்டங்களையும் இரு நாட்டு அமெச்சூர் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றபோது அது கோல்ஃபுக்கு ஒட்டிக்கொண்டது. டென்னிஸில் ஒவ்வொரு தொடரையுமே கிராண்ட்ஸ்லாம் என்று நம் செய்திகள் எழுதுவதால், கோல்ஃபிலும் 'கிராண்ட்ஸ்லாம் தொடர்' என்று எழுதிவிடுகிறார்கள். கோல்ஃபில் தனித் தொடர் மேஜர். ஓர் ஆண்டின் எல்லா மேஜரையும் சேர்த்து வெல்வதுதான் கிராண்ட்ஸ்லாம்.

யார் சிறந்த வீராங்கனை என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது மேஜர் எண்ணிக்கைதான். அந்த எடை விதியிலேயே இருக்கிறது. எல்.பி.ஜி.ஏ.யின் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுக்கு, ஒரு தொடரை வென்றால் 30 புள்ளி. மேஜர் என்றால் இரட்டிப்பு. அந்த அமைப்பின் புகழரங்கத்தில் நுழைய 27 புள்ளி வேண்டும். சாதாரண வெற்றிக்கு 1, மேஜருக்கு 2, ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுக்கு 1, பருவத்தின் குறைந்த அடிச் சராசரிக்குத் தரும் வேர் கோப்பைக்கு 1, ஒலிம்பிக் தங்கத்துக்கு 1.

நியூஸிலாந்து வீராங்கனை லிடியா கோவை வைத்து இதைப் போட்டுப் பார்க்கலாம். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும்போது அவரிடம் 20 வெற்றிகள். அதில் 2 மேஜர். ஆக 18-உடன் 4 சேர்த்து 22. வேர் கோப்பை இரண்டு, ஆண்டின் சிறந்த வீராங்கனை இரண்டு: 26. பாரிஸ் தங்கம் 27. கதவு திறந்தது. அதே மாதம் செயின்ட் ஆண்ட்ரூஸில் விமன்ஸ் ஓபனையும் வென்று மேஜரை மூன்றாக்கினார். ஒலிம்பிக் மேஜர் அல்ல என்பதும் இந்தக் கணக்கில் தெரியும். 2021 ஆகஸ்டு 7, சனிக்கிழமை காலையில், கோல்ஃப் பக்கமே திரும்பாத வீடுகளிலும் டி.வி. முன்னால் உட்காரவைத்து, டோக்கியோவில் ஒரே அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார் அதிதி அசோக். அந்தப் போட்டி மேஜர் பட்டியலில் வராது.

பரிசுத்தொகையும் மேஜருக்கு அளவுகோல் இல்லை. 2024-ல் யு.எஸ். விமன்ஸ் ஓபனை வென்றவருக்கு 24 லட்சம் டாலர். அதே ஆண்டின் கடைசித் தொடரான சி.எம்.இ. டூர் சாம்பியன்ஷிப்பை வென்று ஜீனோ திதிகுல் வாங்கியது 40 லட்சம் டாலர். அது மேஜர் இல்லை.

இனி சிக்கலான இடம். பட்டியல் நிலையாக இருந்ததே கிடையாது. தொடக்கத்தில் வெஸ்டர்ன் ஓபன், டைட்டில்ஹோல்டர்ஸ் என்ற இரண்டும் பெரிய தொடர்கள். 1946-ல் யு.எஸ். விமன்ஸ் ஓபன், 1955-ல் எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் (இன்றைய விமன்ஸ் பி.ஜி.ஏ.) சேர்ந்தன. வெஸ்டர்ன் ஓபன் 1967-ஓடு நின்றது. டைட்டில்ஹோல்டர்ஸ் 1966-ல் நின்று, 1972-ல் ஒரே ஒரு தடவை தலைகாட்டி மறைந்தது. ஆகவே 1968 முதல் 1978 வரை, 1972 நீங்கலாக, ஆண்டுக்கு இரண்டே மேஜர். 1979-ல் கனடாவின் பீட்டர் ஜாக்சன் கிளாசிக் சேர்ந்தது. பின்னாளில் டு மோரியே என்று பெயர் மாறிய தொடர் அது. 1983-ல் டைனா ஷோர் தொடர், அதாவது இன்றைய ஷெவ்ரான். கனடாவில் புகையிலை விளம்பரத் தடை வந்து, விளம்பரதாரரான டு மோரியே சிகரெட் கழன்றுகொள்ள, 2001-ல் அந்த இடம் பிரிட்டிஷ் ஓபனுக்கு, அதாவது இன்றைய விமன்ஸ் ஓபனுக்குப் போனது. 2013-ல் எவியான் ஐந்தாவதாக வந்தது. மேஜர் ஆன முதல் ஆண்டிலேயே மழை கொட்டி, எவியானை 54 குழியோடு முடித்தார்கள் என்பது தனிக் கதை.

இப்படி மாறிய பட்டியலில் யார் லாபம் அடைந்தார், யார் இழந்தார்?

அதிக மேஜர் பேட்டி பெர்க்கிடம்: 15. டைட்டில்ஹோல்டர்ஸ் 7, வெஸ்டர்ன் ஓபன் 7, யு.எஸ். ஓபன் 1. அந்த 15-ல் 8 வெற்றி, எல்.பி.ஜி.ஏ. பிறப்பதற்கு முன்பே வந்தவை; அதிலும் 3 அவர் அமெச்சூராக இருந்தபோது. பழைய தொடர்களைப் பின்னோக்கிப் பார்த்து மேஜர் என்று ஏற்றுக்கொண்டதால் கிடைத்த கணக்கு இது. பெர்க் மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. அன்று அவற்றைவிடப் பெரிய தொடர் இல்லை.

ஜூடி ராங்கினுக்கு அந்தப் பின்னோக்குப் பார்வை கிடைக்கவில்லை. 26 பட்டம், ஒரே பருவத்தில் 1 லட்சம் டாலரைத் தாண்டிய முதல் வீராங்கனை, வேர் கோப்பை மூன்று, ஆண்டின் சிறந்த வீராங்கனை இரண்டு முறை. மேஜர்: பூஜ்யம். ஆனால் 1976-ல் டைனா ஷோர், 1977-ல் பீட்டர் ஜாக்சன் இரண்டையும் வென்றிருக்கிறார். இரண்டும் அப்போது மேஜர் இல்லை, பிறகு ஆயின. இன்றைய புகழரங்கக் கணக்கை அவருக்குப் போட்டால் 26, 3, 2 சேர்ந்து 31 வருகிறது. மேஜர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு ராங்கின் தெரியவே மாட்டார். மேஜர் என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு காலம் தாண்டி ஒப்பிடுவது சரிப்படாது என்பதற்கு இந்த ஒரு பெயர் போதும்.

கேத்தி விட்வொர்த்தின் 88 வெற்றிகளை எல்.பி.ஜி.ஏ.யில் யாரும் எட்டியதில்லை, மேஜர் ஆறுதான். 1968-ல் மட்டும் 10 தொடர் வென்றார், ஒன்றும் மேஜர் இல்லை. அவருக்கு யு.எஸ். ஓபன் கடைசி வரை அமையவில்லை என்பது உண்மை. அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் பல ஆண்டுகள் இரண்டே வாய்ப்பு என்பதும் அதே அளவு உண்மை. ஜப்பானின் ஐ மியாசாட்டோ 2009, 2011 இரண்டிலும் எவியானை வென்றார். மேஜர் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை.

இன்பீ பார்க் விஷயம் இன்னும் சுவாரசியம். 2012-ல் எவியான் வென்றார். அடுத்த ஆண்டுதான் அது மேஜர். 2013-ல் முதல் மூன்று மேஜரையும் அடுத்தடுத்து அள்ளினார். 1950-ல் பேப் ஜஹாரியாஸ் மூன்று வென்றபோது அந்த ஆண்டின் எல்லா மேஜரும் அவரிடம். 1974-ல் சாண்ட்ரா ஹேனி இரண்டு வென்றபோதும் அப்படித்தான். பார்க் மூன்று வென்றும் ஐந்தில் மூன்று. தவிர, வாழ்நாளில் வெவ்வேறு ஐந்து மேஜர் வென்றவர் கேரி வெப் ஒருவரே. அதில் ஒன்று இன்று பட்டியலில் இல்லாத டு மோரியே.

எண்ணிக்கை எழுதும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. ஜப்பான், கொரியா சங்கங்கள் தங்கள் உள்நாட்டுத் தொடர்களில் சிலவற்றையும் மேஜர் என்றே அழைக்கின்றன. அவற்றைக் கூட்டினால் எண்ணிக்கை ஊதிப்போகும். மூத்தோர் தொடர்களும் தனிக் கணக்கு: அன்னிகா சோரன்ஸ்டாம் 2021-ல் யு.எஸ். சீனியர் விமன்ஸ் ஓபனை வென்றார், ஆனாலும் அவரது மேஜர் 10-தான், 11 அல்ல. 2000, 2002 எவியான் வெற்றிகளும் அந்தப் பத்தில் இல்லை. விளம்பரதாரர் மாறினால் பெயரும் மாறும்: டைனா ஷோர், நபிஸ்கோ, கிராஃப்ட் நபிஸ்கோ, ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன், ஷெவ்ரான் எல்லாம் ஒரே தொடர். ஐந்து தொடர் என்று எண்ணிவிடக் கூடாது. சரிபார்க்க ஒரே வழி, ஒவ்வொரு வெற்றிக்கும் ஆண்டைப் பக்கத்தில் எழுதி, அந்த ஆண்டில் அந்தத் தொடர் பட்டியலில் இருந்ததா என்று பார்ப்பது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'முக்கியப் போட்டி' பலவீனம். எல்லாப் போட்டியும் யாருக்காவது முக்கியம்தான். 'முதன்மைப் போட்டி' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் நடக்கும் பல ஆட்டங்களில் பிரதான ஆட்டம் என்றும் பொருள்படும். 'பெரும்போட்டி'யில் வேறு வில்லங்கம்: அச்சில் ஓர் இடைவெளி விழுந்தால் 'பெரும் போட்டி', அதாவது கடும் போட்டாபோட்டி. 'ஐவரிடையே பெரும் போட்டி' என்ற தலைப்பைக் கோல்ஃப் செய்தி என்று யார் எடுத்துக்கொள்வார்கள்?

எங்கள் தேர்வு 'பெருந்தொடர்'. பல நாள் நடக்கும் போட்டியைத் 'தொடர்' என்பது டென்னிஸ், கிரிக்கெட் செய்திகளில் ஊறிய வழக்கு. 'பெரு' என்ற முன்னொட்டும் தமிழில் அளவை மட்டும் சொல்வதில்லை, தரப்படுத்தவும் செய்கிறது. ஐம்பெருங்காப்பியம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். எழுதிய புலவர்கள் யாரும் தங்கள் நூலை அந்த ஐந்தில் ஒன்று என்று சொல்லிக்கொள்ளவில்லை. பின்னால் வந்தவர்கள் தொகுத்துப் பட்டியல் போட்டார்கள். மேஜர் பட்டியலும் அதே ஜாதி, எண்ணிக்கைகூட ஐந்து. டி.வி. சீரியலோடு குழம்புமோ என்ற பயம் வேண்டாம். அதற்கு 'நெடுந்தொடர்' என்று பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவர்களிடம் போய்ப் பெருந்தொடர் என்றால் ஒரு கணம் முழிப்பார்கள். பேச்சில் மேஜர்தான் ஓடும், ஓடட்டும். எழுத்தில், கட்டுரையின் முதல் இடத்தில் 'மேஜர் எனப்படும் பெருந்தொடர்' என்று எழுதிவிட்டு, பிறகு பெருந்தொடர் என்று மட்டும் போகலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் மேஜர் என்பது தொடரையும் குறிக்கும், வென்ற பட்டத்தையும் குறிக்கும். தமிழில் இரண்டையும் பிரித்தால்தான் தெளிவு. 'சோரன்ஸ்டாம் 10 பெருந்தொடர்களை வென்றார்' என்றால் பத்து வெவ்வேறு தொடர் என்று படும். அவர் வென்றவை நான்கு தொடர்கள்: யு.எஸ். ஓபன் 3, நபிஸ்கோ 3, எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் 3, பிரிட்டிஷ் ஓபன் 1. எனவே '10 பெருந்தொடர்ப் பட்டங்கள்' அல்லது 'பெருந்தொடர்களில் 10 முறை வென்றவர்' என்று எழுதுவதே சரி.