தொட்டிக்கு அடியில் இருந்த புட்டி

உலோக அரிப்பைப் பார்க்க அழைக்கும் இடங்களில் நான் முதலில் கேட்பது, "தரை கழுவ என்ன ஊற்றுகிறீர்கள்?" என்பதைத்தான். ஒரு கட்டடத்தில், பொருத்தி ஆறு மாதம்கூட ஆகாத எவர்சில்வர் தொட்டி முழுவதும் ஊசியால் குத்தியதுபோல் பழுப்புப் புள்ளிகள். அமிலம் அதன்மேல் படவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். பொய் சொல்லவில்லை. தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியில், தரை கழுவ வைத்திருந்த, மூடி தளர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டி ஒன்று இருந்தது. அதன் ஆவியே வேலையை முடித்துவிட்டது. அலமாரிக் கீல்களும் துருவேறிப் போயிருந்தன.

எல்லா அமிலமும் ஒன்றல்ல. நைட்ரிக் அமிலத்தை எவர்சில்வர் நன்றாகவே தாங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் சாதாரண உப்பிலும் உள்ள குளோரைடு வந்தால்தான் வினை. எவர்சில்வரும் எஃகுதான்; எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலம் உருவாகி உலோகத்தைக் காக்கிறது. குளோரைடு அயனி அதை ஏதோ ஓரிடத்தில் உடைக்கிறது. அந்தக் குழிக்குள் கரையும் உலோக அயனிகள் நீருடன் வினைபுரிந்து அங்கேயே அமிலத்தை உண்டாக்குகின்றன. மின்சுமையை ஈடுகட்ட மேலும் குளோரைடு உள்ளே வருகிறது. வெளியே கடுகளவு புள்ளி, உள்ளே பொந்து. மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரக எவர்சில்வர், சாதாரண 304 ரகத்தைவிட உப்புநீரை நன்றாகத் தாங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதுவும் தாங்காது.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை செய்து காட்டுவேன். காப்பர் சல்பேட் கரைசலில் அலுமினியத் தாளைப் போட்டால் நெடுநேரம் எதுவும் நடப்பதாகத் தெரியாது. ஒரு சிட்டிகை சாதாரண உப்பு சேர்த்ததும் செம்பு படியத் தொடங்கும், கரைசல் சூடேறும். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தையும் உப்பின் குளோரைடு உடைத்துவிடுகிறது.

சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985 மே மாதம் நீச்சல்குளக் கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய எவர்சில்வர் கம்பிகள் குளத்து நீரில் நனைந்தவை அல்ல; காற்றோடு வந்து படிந்த குளோரைடால் விரிசல் கண்டவை.

துத்தநாகம் பூசிய வாளியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றவே கூடாது. இரண்டும் வினைபுரிந்து வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் இருந்தாலே தீப்பற்றும். பிளீச்சிங் பவுடருடன் கலந்தாலோ குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.

தொட்டிக்கு மெருகு போட்டால் போதாதா என்று கேட்டார்கள். குழிகள் ஆழமாக இருந்ததால் மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். அடுத்த முறை போனபோது புதுத் தொட்டி பளபளத்தது. கீழே அதே புட்டி. நானே எடுத்து வெளியே வைத்தேன்.