வாயில்மதிப்பு

படச் செயலாக்கம் பற்றி எழுதும்போது, படத்தின் புள்ளிகளை இரண்டாகப் பிரிக்கும் மதிப்பான ‘த்ரெஷோல்டு’ என்பதைப் பலரும் ‘வரம்பு’ என்று தமிழாக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரம்பு மீறக் கூடாதது. த்ரெஷோல்டு கடப்பதற்கென்றே இருப்பது. ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் வாசற்படி. இயற்பியல் பாடநூல்களில் வரும் ‘பயன்தொடக்கம்’ ஒளிமின் விளைவுக்குப் பொருந்தும், ஏனெனில் அங்கே ஒன்று தொடங்குகிறது. படத்தில் எதுவும் தொடங்குவதில்லை. புள்ளிகள் இருபுறமாகப் பிரிகின்றன, அவ்வளவே. நம்மிடம் ‘வாயில்’ இருக்கிறது. ‘இல்வாய்’ முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆனதை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டுவார்கள். ஆகவே வாயில்மதிப்பு என்கிறேன்.

சாம்பல்நிறப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும், அதாவது புள்ளிக்கும், வழக்கமாக 0 முதல் 255 வரை ஓர் ஒளிர்வெண் உண்டு. வாயில்மதிப்பு 128 என்றால் 90 கறுப்பாகும், 200 வெள்ளையாகும். அந்த 128ஐ நாமே ஊகிக்காமல் படத்திலிருந்தே கண்டறியும் வழியை 1979இல் நொபுயுகி ஒட்சு வெளியிட்டார்: எந்த மதிப்பில் பிரித்தால் இரு குழுக்களுக்கும் இடையிலான மாறுபாடு மிகுதியோ, அதுவே வாயில்.

‘பேரலல்’ என்பதற்குக் கிரேக்க மூலத்தில் ‘ஒன்றன் அருகே ஒன்று’ என்று பொருள். ‘இணை’ அதற்கு அழகாகப் பொருந்துகிறது. ஒரு வேலையைப் பலவாகப் பங்கிட்டு ஒரே நேரத்தில் கணிப்பதை இணைக் கணிப்பு என்றே எழுதலாம். 1920க்கு 1080 அளவுள்ள படத்தில் 20,73,600 பிக்சல்கள். ஒன்றின் நிறத்தை முடிவுசெய்ய மற்றொன்றைக் கேட்க வேண்டியதில்லை என்பதால், பிரிக்கும் வேலையை ஆயிரக்கணக்கான இழைகளுக்கு (கணினியில் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைத்தொடர்களுக்கு) தயங்காமல் பங்கிடலாம்.

சிக்கல் எண்ணுவதில் வருகிறது. ஒட்சு முறைக்கு ஒவ்வோர் ஒளிர்விலும் எத்தனை பிக்சல்கள் என்ற கணக்கு வேண்டும். ஓர் ஒளிர்வுக்கான எண்ணிக்கையை வைத்திருக்கும் கட்டத்தில் உள்ள 41ஐ இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் படித்து, இரண்டுமே 42 என்று எழுதினால் ஒரு பிக்சல் கணக்கில் விடுபட்டுப்போகும். படித்தல், கூட்டல், எழுதுதல் மூன்றும் இடையறாமல் நடக்கும் ‘பிளவுபடாக் கூட்டல்’ இதைத் தடுக்கும். ஆனால் ஒரே ஒளிர்வுள்ள பிக்சல்கள் மிகுந்தால் பல இழைகள் ஒரே கட்டத்தின் முன் வரிசையில் நிற்க நேரும். எனவே இழைக்குழு ஒவ்வொன்றும் தனிக் கணக்கு வைத்து, இறுதியில் எல்லாவற்றையும் கூட்டுவதே நல்ல வழக்கம்.

‘செக்மென்டேஷன்’ வெட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதைப் பார்த்துத் ‘துண்டாக்கம்’ என்பது பிழையான படத்தை மனத்தில் எழுப்பும். இங்கே எதுவும் வெட்டப்படுவதில்லை, எந்தப் பிக்சல் எதைச் சேர்ந்தது என்று பெயரிடப்படுகிறது. ‘பகுதி பிரித்தல்’ போதும். இதில் அண்டைப் பிக்சலைக் கேட்காமல் முடியாது. படத்தைத் தொகுதிகளாக்கி இழைக்குழுக்களுக்குப் பங்கிடும்போது, ஒரு பறவையின் தலை ஒரு தொகுதியிலும் வால் அடுத்ததிலும் விழுந்தால், முதல் தொகுதியின் குழு அதற்கு 7 என்றும் இரண்டாவதன் குழு 12 என்றும் எண்ணிடக்கூடும். எல்லையோரப் பிக்சல்களை ஒப்பிட்டு, ஏழும் பன்னிரண்டும் ஒன்றே என்று பின்னர்தான் இணைக்க முடியும்.