அவுட் ஒஃப் அவர்ஸ்: ‘வெளிநேரம்’ என்று எழுதாதீர்கள்

‘அவுட் ஒஃப் அவர்ஸ்’ (out of hours), அதாவது வைத்தியர் வழமையாகப் பார்க்கும் நேரம் தவிர்ந்த வேளையில் கிடைக்கும் சேவையைக் குறிக்க எழுதப்படும் ‘வெளிநேர வைத்திய சேவை’ என்ற தொடரை இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கண்டுவிட்டேன். முதலில் கண்டது ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த துண்டுப்பிரசுரத்தில். அந்த லயத்தில் இருக்கும் அக்கா ஒருவர், சனிக்கிழமை இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியபோது அதை வாசித்திருக்கிறார். ‘வெளிநேரம்’ என்றால் வெளிநோயாளர் பார்க்கும் நேரம் என்று எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலைவரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். பிள்ளை தேறிவிட்டது. ஆனாலும் அந்தத் தொடரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சொல்லின் வரலாறு சிறியது. ‘அவர்’ (hour) என்ற ஆங்கிலச் சொல் கிரேக்கத்து ‘ஹோரா’விலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது, சோதிடத்தில் நாம் பார்க்கும் ஓரையும் அதே மூலத்திலிருந்து வடமொழி வழியாக வந்ததுதான். ‘அவுட் ஒஃப் அவர்ஸ்’ என்னும்போது அது மணித்தியாலத்தைக் குறிப்பதில்லை, வைத்தியரின் கதவு திறந்திருக்கும் நேரத்தைக் குறிக்கிறது. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்களின் வழமையான நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 மணியிலிருந்து மாலை 6.30 வரை. இரவுகள், சனி, ஞாயிறு, பொது விடுமுறைகள் யாவும் ‘அவுட் ஒஃப் அவர்ஸ்’. 2004 இல் வந்த புதிய ஒப்பந்தம், இந்த நேரங்களுக்கான பொறுப்பைக் குடும்ப வைத்தியர்கள் கைவிட இடமளித்ததிலிருந்து அச்சொல் அங்கே ஓயாமல் விவாதிக்கப்படுகிறது. வாரத்தின் 168 மணித்தியாலங்களில் கதவு திறந்திருப்பது 52.5 மட்டுமே, மூடியிருப்பது 115.5. ஆகவே ‘வெளி’ என்று ஒதுக்கப்படும் நேரமே வாரத்தின் பெரும்பகுதி.

‘வெளிநேரம்’ சுருக்கமாக இருக்கிறது, ‘வெளிநோயாளர்’ என்ற பழகிய சொல்லோடு இணங்கி நிற்கிறது என்பது அதை ஆதரிப்பவர்களின் வாதம். அந்த இணக்கம்தான் அதன் பெருங்குற்றம். வெளிநோயாளர் என்பவர் வார்டில் தங்காமல், காலையில் வரிசையில் நின்று, இலக்கத்துண்டு வாங்கி, மருந்து எடுத்துக்கொண்டு திரும்புகிறவர். வெளிநோயாளர் பிரிவு மூடிய பிறகு கிடைக்கும் சேவைக்கு அதே ‘வெளி’யை ஒட்டினால், வாசிப்பவர் நேரெதிரான பொருளைத்தான் எடுத்துக்கொள்வார். மேலும், வெளியூர், வெளிநாடு என இடத்துக்கு முன்னால் ‘வெளி’ வந்தால் நமதல்லாத இடம் என்று பொருள். காலத்துக்கு முன்னால் தமிழில் ‘வெளி’ வருவதில்லை. நேரத்தோடு வந்தான், நேரங்கெட்ட நேரத்தில் வந்தான் என்போமே தவிர, நேரத்துக்கு வெளியே வந்தான் என்று எவரும் சொல்வதில்லை. ஆங்கிலத்து முன்னிடைச்சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எழுந்துபோகும் மொழிபெயர்ப்பு இது.

மாற்றாக முன்வைக்கப்படுபவையும் தேறவில்லை. ‘மேலதிக நேர வைத்தியம்’ என்றால் கொழுந்து பறிப்பவர் முதல் கந்தோர் எழுதுநர் வரை எல்லோருக்கும் மேலதிகக் கொடுப்பனவுதான் நினைவுக்கு வரும். ‘அகால வைத்தியம்’ அகால மரணத்தைக் கையோடு கூட்டிவருகிறது. ‘நேரங்கடந்த வைத்தியம்’ என்பது பிந்திவிட்ட வைத்தியம். தூய தமிழில் பற்றுள்ள நண்பர் ஒருவர் ‘யாம மருத்துவம்’ என்றார். குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம். மலையில் இருக்கும் எனக்கு அச்சொல்லில் ஆசைதான், எங்கள் தோட்டங்களிலும் ‘சாமத்தில் காய்ச்சல் வந்தது’ என்பதே பேச்சு. ஆனால் யாமம் இரவு பத்திலிருந்து இரண்டு வரைதான். ஞாயிற்றுக்கிழமை நண்பகலை அதற்குள் அடக்க முடியாது.

அந்த விடுமுறைப் பகலைச் சொல் விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. 2008 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கேம்பிரிட்ஜ்ஷயரில், ஜெர்மனியிலிருந்து வந்து பிரித்தானியாவில் இந்த ‘அவுட் ஒஃப் அவர்ஸ்’ சேவையில் தமது முதற் கடமையைச் செய்த பதில் வைத்தியர் ஒருவர், ஒரு முதியவருக்கு 100 மில்லிகிராம் டயமோர்ஃபின் என்ற கடும் வலிநிவாரணியை ஏற்றினார். பரிந்துரைக்கப்பட்ட உச்ச அளவைப் போல அது பத்து மடங்கு, முதியவர் இறந்துபோனார். 2010 இல் மரண விசாரணை அதிகாரி அதைச் சட்டவிரோதக் கொலை என்று தீர்ப்பளித்தார். நோயாளரை முன்பின் அறியாத வைத்தியர் அந்த நேரங்களில் வரக்கூடும் என்பதுதான் இச்சேவையின் தரத்தைப் பற்றிய கவலையின் வேர். அக்கவலை இரவுக்கு மட்டும் உரியதன்று.

எனவே ‘இரவு, விடுமுறை வைத்திய சேவை’ என்றே எழுத வேண்டும் என்பது என் முடிவு. மருத்துவம் தமிழ், வைத்தியம் வடசொல் என்பதை அறிவேன். ஆனால் நம் நாட்டுப் பெயர்ப்பலகைகளெல்லாம் வைத்தியசாலை என்றிருக்கையில், நோயாளரின் கண் பழகிய சொல்லை இந்த இடத்தில் மாற்றத் துணியமாட்டேன். ‘ஒன் கோல்’ (on call) என்பதை ‘அழைப்பில் இருக்கும் வைத்தியர்’ என்று எழுதுவதையும் இத்தோடு நிறுத்த வேண்டும். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் அது பொருள்படும். ‘அழைத்தால் வரும் வைத்தியர்’ என்பதில் குழப்பமில்லை.

துண்டுப்பிரசுரத்தின் அந்த வரியை, ‘இரவிலும் விடுமுறை நாட்களிலும் வைத்தியரைப் பார்க்கலாம், அவசரமென்றால் 1990 இலவச அம்பியூலன்சை அழையுங்கள்’ என்று மாற்றி எழுதி, அந்த அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப போயா அன்னைக்கும் இருப்பாங்களா தம்பி?” என்று கேட்டார்.