ரெட்டினா: திரையா, வலையா?

கண் பரிசோதனைக்குப் போனால் சில இடங்களில் கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துக் கணினியில் காட்டுவார்கள். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம், ஒரு பக்கமாக வெளிறிய பொட்டு, அந்தப் பொட்டிலிருந்து நாலாபக்கமும் கிளைவிட்டு ஓடும் ரத்தக்குழாய்கள். அந்த வட்டம்தான் ரெட்டினா. தமிழில் விழித்திரை.

ஆனால் ரெட்டினா என்ற சொல்லுக்குள் திரை கிடையாது, வலைதான் இருக்கிறது. லத்தீனில் ‘ரேத்தே’ என்றால் வலை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த மருத்துவர் ஹெரோஃபிலஸ் இந்தப் படலத்தை மீனவர் வீசும் வீச்சு வலைக்கு ஒப்பிட்டார், பின்னால் வந்த கிரேக்க மருத்துவர் காலெனும் அதையே சொன்னார், கிரேக்க மருத்துவம் அரபிக்குப் போனபோது அதே வலைப் பொருளில் ‘ஷபகிய்யா’ ஆனது, 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோவில் இருந்துகொண்டு இப்னு சீனாவின் மருத்துவ நூலை லத்தீனுக்குக் கொண்டுவந்த கிரெமோனா ஜெரார்டின் கையில் ரெட்டினா ஆனது. மூன்று மொழி தாண்டியும் வலை அறுபடவில்லை.

சரி, திரை? வெளியே உள்ள காட்சி இந்தப் படலத்தில் தலைகீழாக விழுகிறது என்று 1604இல் வானியலாளர் கெப்ளர் விளக்கினார். நம் சொல் அந்தப் பக்கம் நிற்கிறது: படம் வந்து விழும் இடம், ஆகவே திரை. தவறில்லை. ஆனால் திரை என்றதும் மனதில் வருவது சினிமாத் திரை. அது வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்பிவிடும், எதிரே ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. கண்ணுக்குள் அப்படி உட்கார்ந்து பார்க்க யாரும் இல்லை. விழித்திரை வெளிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

பிடிப்பவை சுமார் 12 கோடி குச்சி செல்கள், 60 லட்சம் கூம்பு செல்கள். குச்சி செல்லில் ரோடாப்சின் என்ற நிறமி, அதற்குள் ரெட்டினால் என்ற சின்ன மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கும். (ரெட்டினாவிலிருந்து பிறந்த பெயர்தான்; வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் இதைச் செய்துகொள்கிறது, அந்தச் சத்து குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால்தான்.) ஒளித்துகள் பட்டதும் அந்த மூலக்கூறு நிமிர்ந்துகொள்ளும். வெளிச்சம் நேரடியாகச் செய்யும் வேலை அவ்வளவே. நிமிர்ந்ததும் அதைத் தாங்கியிருக்கும் ரோடாப்சின் புரதம் உருமாறி, அது அடுத்தடுத்த புரதங்களை முடுக்கிவிட, சோடியம் உள்ளே வரும் வாசல்கள் மூடிக்கொண்டு செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. எனக்கு இன்னும் வியப்பு தீராத இடம் ஒன்று உண்டு. இருட்டில் இந்த செல்கள் சும்மா இருப்பதில்லை, குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை விடாமல் கசியவிட்டுக்கொண்டே இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் அதைக் குறைத்துக்கொள்கின்றன. அந்தக் குறைவுதான் அடுத்த நரம்பு செல்லுக்குப் போகும் செய்தி.

உச்சி வெயிலில் இருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர்க் குடம் இருக்கும் இடம்கூடத் தெரியாது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அதன் விளிம்பு தெரியும். வெயிலில் செலவான நிறமி திரும்பவும் உருவாகிறது. முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும்.

12 கோடிக்கும் மேற்பட்ட செல்கள் பிடித்ததை மூளைக்குக் கொண்டுபோவது ஏறக்குறைய 10 லட்சம் நரம்பிழைகள்தான். எது விளிம்பு, எங்கே வெளிச்சம் மாறுகிறது என்று சலித்தெடுக்கும் வேலை பெருமளவு விழித்திரைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அதனால் எனக்கு விழிவலை என்ற சொல்லின் மீது ஆசை உண்டு. ஆனாலும் பாடநூலிலும் மருத்துவமனையிலும் வேர்விட்ட சொல்லைப் பிடுங்க வேண்டாம், எழுதுவதற்கு விழித்திரையே சரி. சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் பழைய வலையையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

படத்தில் பார்த்த அந்த வெளிறிய பொட்டு? இழைகள் எல்லாம் ஒன்றுகூடிப் பார்வை நரம்பாக வெளியேறும் இடம் அது. அங்கே குச்சியும் இல்லை, கூம்பும் இல்லை, வெளிச்சம் விழுந்தாலும் தெரியாது. வீச்சு வலையில் கயிறு கட்டும் உச்சி மாதிரி.