கோத்தகிரி வீட்டு விரிசலும் தார் டிரம்மும்

ஐப்பசி மழை விட்ட வாரம், கோத்தகிரி பக்கம் ஒரு வீட்டில் விரிசல் பார்க்கப் போயிருந்தேன். வாசலிலேயே பெரியவர் பிடித்துக்கொண்டார். "தம்பி, கீழ லாவாக் கடல்ல நம்ம தட்டு மிதக்குதாமே? அது ஆடித்தான் சுவரு விட்டுப்போச்சா?"

நிலவியல்காரனுக்கு இது பழகிய கேள்வி. கடல் ஏதும் இல்லை ஐயா என்றேன். தட்டு என்பது சுமார் 100 கி.மீ. கனமுள்ள பாறை. அதற்குக் கீழேயும் பாறைதான். 1,300 டிகிரி சூட்டில் கொஞ்சம் இளகியது, அவ்வளவே.

"பாறை எப்படித் தம்பி ஓடும்?"

வளைவில் ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. காலைக் குளிரில் தார் கல்லாக இருந்தது. சுத்தியலால் ஓங்கித் தட்டினேன், சில்லு தெறித்தது. ஆனால் டிரம்மின் வாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வழிந்து புல்லை மூடியிருந்ததும் அதே தார்தான். யாரும் காய்ச்சவில்லை, நாள்தான் ஆகியிருந்தது. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் சுத்தியல் அடி மாதிரி. திரவத்துக்குள் போகாத அந்த அலைகள் 2,900 கி.மீ. ஆழம் வரை பாறைக்குள் போய்வருகின்றன; உருகிய இரும்பாலான பூமியின் வெளிக்கருவில்தான் நிற்கின்றன. அதே பாறை லட்சக்கணக்கான ஆண்டுகளில் தாராக வழிகிறது. அதன்மேல்தான் இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ., ஒரு தீப்பெட்டி நீளம், வடகிழக்கே நகர்கிறது.

நகர்ந்தாலும் மலை, வீடு, தேயிலை எல்லாம் சேர்ந்தேதான் போகின்றன. முட்டல் மோதல் இமயமலைப் பக்கம். இங்கே அதிர்வே வராது என்று சொல்ல மாட்டேன், 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியே குலுங்கியிருக்கிறது. ஆனால் இந்தச் சுவர் விட்டதற்குக் காரணம் கொல்லையில் இருந்தது.

பொக்லைன் வைத்துச் செங்குத்தாக வெட்டிய செம்மண் சரிவு. அதை ஒட்டிய தடுப்புச்சுவரில் பெயருக்குக்கூட ஒரு வடிகால் துளை இல்லை. மேல் ரோட்டுத் தண்ணீர் முழுக்க அங்கேதான் இறங்குகிறது. அடியிலுள்ள சார்னோகைட் என்கிற பாறை 250 கோடி ஆண்டுப் பழசு, அது அசையாது. மேலே கிடக்கும் மண்தான் நீர் குடித்துக் கனத்துச் சுவரைத் தள்ளுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் பலிகொண்ட சரிவுகளும் மழையில் ஊறிய மண்தான்.

சுவரில் துளை போடச் சொன்னேன், மேல் தண்ணீரை ஓடைக்குத் திருப்பச் சொன்னேன். அப்புறம் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதினோம். விரிசல் கோட்டைத் தாண்டினாலோ, மேல் சரிவில் பிறை வடிவில் மண் பிளந்தாலோ, அன்று ராத்திரி அந்த வீட்டில் படுக்கக் கூடாது.