அனாபிளாஸ்டிக்: உருவிழந்த புற்றுநோய்

கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த திசுவின் ஆய்வறிக்கையில் ‘அனாபிளாஸ்டிக் தைராய்டு கார்சினோமா’ என்று இருந்தால், அந்த முதற்சொல்லைப் புரிந்துகொள்வது நோயைப் பாதி புரிந்துகொள்வதாகும். அதில் ‘பிளாஸ்டிக்’ என்று ஒலிப்பதால் நெகிழிக்கும் இதற்கும் தொடர்புண்டோ என்று சிலர் ஐயுறுவதுண்டு. நோயளவில் எத்தொடர்பும் இல்லை, வேரளவில் உண்டு.

கிரேக்க மொழியில் ‘பிளாசெயின்’ என்பது களிமண்ணையோ மெழுகையோ குழைத்து உருவம் சமைப்பதைக் குறிக்கும் வினைச்சொல். நம் ‘வனைதல்’ அதற்கு மிக நெருங்கியது. ‘அனா’ என்னும் முன்னொட்டுக்கு மேலே, மீண்டும், பின்னோக்கி எனப் பல பொருள்கள் உள்ளன. இவ்விரண்டும் சேர்ந்த ‘அனாபிளாசியா’வைப் புற்றுநோயியலுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய நோயியலாளர் டேவிட் ஃபான் ஹன்ஸமன், ஆண்டு 1890. புற்றணுக்கள் சமச்சீரின்றிப் பிளவுபடுவதை நுண்ணோக்கியில் கண்ட அவர், அவை தாய்த்திசுவின் தனித்தன்மையை இழந்து, அந்த அளவுக்குத் தன்னிச்சையாக வாழும் ஆற்றலைப் பெறுகின்றன என்று கருதினார்.

தைராய்டு சுரப்பியில் இதை நுண்ணோக்கி வழியே கண்கூடாகக் காணலாம். இயல்பான தைராய்டுத் திசுவில் உயிரணுக்கள் சிறு உருண்டைப் பைகளாக வரிசைகட்டி நிற்கும். பைகளின் நடுவே இளஞ்சிவப்பாகக் கூழ்மம் நிறைந்திருக்கும். தைராய்டுப் புற்றுகளில் மிகப் பரவலான பாப்பிலரி வகையில்கூட இந்தச் சாயல் ஓரளவு எஞ்சியிருக்கும். அனாபிளாஸ்டிக் வகையிலோ பையும் இல்லை, கூழ்மமும் இல்லை. கதிர்போல் நீண்ட அணுக்களும், பல உட்கருக்களைச் சுமந்த பேரணுக்களும், இடையிடையே அழுகிய திட்டுகளுமே தென்படும். எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று நோயியலாளரே தயங்கும் நிலை அது.

உருவம் போனால் தொழிலும் போகிறது. இயல்பான தைராய்டு அணுவின் தொழில் அயோடினை உறிஞ்சுவது. கதிரியக்க அயோடின் மருத்துவம் அந்தப் பசியை நம்பியே நடக்கிறது. அனாபிளாஸ்டிக் அணுக்களுக்கு அந்தப் பசி இல்லாததால் அம்மருத்துவம் இங்கே பயன்படாது. ‘தைராய்டு புற்று என்றால் பயமில்லை’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாப்பிலரி வகைக்குப் பொருந்தும். அதை இந்த நோய்க்கும் நீட்டிச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

தைராய்டுப் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டே இவ்வகை. பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கே வருகிறது. பல்லாண்டுகளாகக் கழுத்தில் இருந்த கழலை சில வாரங்களிலேயே விரைந்து பருக்கும், குரல் கம்மும், விழுங்குவது கடினமாகும், மூச்சு இரையும். ஊசியால் உறிஞ்சி எடுத்த அணுக்கள் பல நேரம் போதாமல், தடித்த ஊசியால் திசுத்துண்டே எடுக்க வேண்டியிருக்கும். இதேபோல் விரைந்து பருக்கும் தைராய்டு லிம்போமாவை (நிணநீர் அணுக்களின் புற்று) பிரித்தறிவது முக்கியம், ஏனெனில் அது மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். அனாபிளாஸ்டிக் என்று உறுதியானால், சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தாலும் அது நான்காம் நிலையாகவே கணக்கிடப்படும்.

நோய்ப்போக்கின் முன்கணிப்பை மறைப்பதற்கில்லை: நெடுங்காலமாகப் பாதி நோயாளிகள் ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குள் இறந்துவந்தனர். இயன்றவர்களுக்கு அறுவை, அதன்பின் கீமோவுடன் கதிர்வீச்சு, மூச்சுக்குழல் அடைபடும்போது கழுத்தில் துளையிடல், தொடக்கத்திலிருந்தே வலி தணிப்புச் சிகிச்சை என்பதே வழக்கம். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் காணப்படும் ‘பிராஃப் வி600இ’ மரபணுத் திரிபு இப்போது அந்த வழக்கத்தை மாற்றியிருக்கிறது. இத்திரிபு உள்ளவர்களுக்கு டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துத் தர 2018 மே மாதம் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அறுக்க முடியாதிருந்த கட்டி சுருங்கி அறுவைக்கு வழிவிட்டதும் உண்டு. ஆகவே நோய் ஐயம் எழுந்த உடனேயே இத்திரிபைச் சோதிக்க வேண்டும்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘வனைவிழந்த’ என்பது வேருக்கு நேரானது, ஆனால் நோயாளியின் வீட்டாருக்கு எட்டாது. ‘திரிந்த’ என்றால் மரபணுத் திரிபோடு குழம்பும். ‘முதிராத’ என்பது இன்னும் வளரவிருப்பது என்ற பொருளைத் தந்து வழிதவறச் செய்யும். பெற்றிருந்த உருவை இழந்தது என்பதே மையப் பொருளாதலால், அனாபிளாசியாவை ‘உருவிழப்பு’ என்றும், இந்நோயை ‘உருவிழந்த தைராய்டு புற்று’ என்றும் எழுதலாம். அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக முதல் முறை மட்டும் மூலச்சொல்லையும் அருகில் தரலாம்.

ஆனால் இந்தச் சொல்லை மட்டும் கண்டு எல்லா நோய்க்கும் ஒரே முன்கணிப்பைச் சொல்லிவிட முடியாது. ‘அனாபிளாஸ்டிக் பேரணு லிம்போமா’ என்னும் நோயில் ‘ஆல்க்’ புரதம் உள்ள வகை கீமோவுக்கு நன்றாகவே கட்டுப்படுகிறது. மூளைக்கட்டிகளுக்கோ, உலகச் சுகாதார அமைப்பின் 2021 வகைப்பாடு ‘அனாபிளாஸ்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா’ என்ற பெயரையே கைவிட்டு, மரபணு நிலையையும் தர எண்ணையும் கொண்டு பெயரிடுகிறது.